வாசல் இல்லாத அறை

இது நடந்தது. என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்ததுமே சிரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணிக்கு ஒரு கம்பெனியில் சர்வர் பராமரிக்கிற வேலை. அன்று சாயங்காலம் ஒரு பழைய சர்வரை ஒரேயடியாக அணைக்க வேண்டும். அதில் இருந்தது அந்தக் காலத்து எழுத்து விளையாட்டு. படமே கிடையாது, பல பேர் ஒரே நேரத்தில் கீபோர்டில் தட்டித் தட்டி ஆடுவது. இந்த மாதிரி விளையாட்டுகள் முதலில் வாள்சண்டைக்கென்று வந்தன. பிறகு வெறும் அரட்டைக்கு. அப்புறம் எழுதியே அறை கட்டுகிற வகை வந்தது. இது அந்த வகை. கதவு என்று எழுதினால் கதவு வரும். உள்ளே இருக்கிற எல்லோருக்கும் அது பொது.

ஆறு மணிக்கு மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வர வேண்டும். இரண்டு நிமிஷ வேலைதானே என்று சர்வர் அறைக்குள் போனார் அண்ணி.

அணைக்கும் முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒரே ஒரு ஆள். பெயர், விருந்தாளி.

"அணைக்கப் போறோம். வெளிய போயிடுங்க" என்று தட்டினார்.

"வாசல் இல்லையே..."

அடுத்து, அறையின் வர்ணனை திரையில் ஓடியது.

சின்ன அறை. ஏசி சத்தம். நீலச் சட்டை போட்ட ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வாசல்கள்: இல்லை.

அண்ணி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நீலம்.

திரும்பினார்... கதவு இருந்த இடத்தில் சுவர்.

கத்தினார். கை வலிக்கத் தட்டினார். போனில் சிக்னல் இல்லை. மணி ஐந்து ஐம்பது.

ஏசி நின்றது.

பிடரியில் மூச்சு... திரையில் புது வரி.

"தனியா இருக்க முடியலை. போகாதீங்க."

"என் குழந்தை காத்திருக்கா!"



அப்போதுதான் பொறி தட்டியது. கீபோர்டில் எழுதினார்: மேற்கே ஒரு கதவு. திறந்திருக்கிறது.

க்ரீச்...

ஓடினார். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் மேனேஜர் சொன்னார். "அந்த சர்வரோட நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மூணு மாசமாச்சேம்மா. வெளியில இருந்து யாரும் உள்ள வந்திருக்க முடியாது."

சாயங்காலம் காப்பகத்து ஆயா கேட்டாள்.

"நேத்து உங்ககூட வந்தாங்களே, பாப்பாவோட இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனவங்க... யாரும்மா அது?"