ஊர் எல்லையில் இடம் மாறுவது

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பயணத்தை, "அண்ணன் மலையெல்லாம் வண்டி ஓட்டுன வருசம்" என்றுதான் சொல்கிறார்கள். சொல்வது என் கொழுந்தன். கேட்பது வந்திருக்கிற சொந்தக்காரர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவதோடு நின்ற படிப்பு என்பதால் இல்லை, சுபாவமே அப்படி. ஆகவே எழுதுகிறேன். ஓட்டியது நான்.

என் வீட்டுக்காரர் பல வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்ததும் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கி மலைகளையும் காடுகளையும் சுற்ற வேண்டும் என்பது அங்கே அவருடைய ஒரே பேச்சு. வருவதற்கு முன்னால் வேலையிடத்தில் ஒரு பாரம் வலது தோளில் விழுந்தது. தோள் தேறிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம் ஆக்சிலேட்டரைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். கடைத்தெரு வரைக்கும் போய் வரலாம், அதற்கு மேல் முடியாது. வண்டியை வாங்கிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். "நீ இதப் படியேன்" என்று அவர்தான் சொன்னார். விடியற்காலையில் வயல்களுக்கு நடுவே கால்வாய்க் கரையில் வைத்துப் பழக்கினார். நான் வண்டியோடு விழுந்தபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் விழுந்ததும் அவர் முதலில் பார்த்தது என் முழங்காலை அல்ல, வயலில் யாராவது நிற்கிறார்களா என்றுதான்.

சேரன்மகாதேவியில் எங்கள் வாசலில் வண்டியை எடுத்தவர் அவர். கொழுந்தன் செல்போனில் படம் எடுத்தார். தெருவே கையசைத்தது. ஊரைத் தாண்டிக் கால்வாய்ப் பாலம் வந்ததும் நிறுத்தி இறங்கினார். நான் முன்னால் ஏறினேன். அதன்பிறகு தென்காசி, புளியரை ஏற்றம், குமுளி, மூணாறு எல்லாம் நான்தான்.

ஆனால் ஒவ்வொரு ஊருக்கு முன்னாலும் என் தோளில் இரண்டு தட்டு விழும்.

"ஏட்டி, பைய நிறுத்து. ஊரு வந்துட்டு."

"இங்கன நம்மள யாருக்குத் தெரியும்?"

"தெரியாட்டா என்ன, அவனுவளுக்குக் கண்ணு இருக்குல்லா."

நான் இறங்கி நிற்க, அவர் முன்னால் நகர்ந்து உட்காருவார். ஊரைத் தாண்டியதும் மறுபடியும் மாறுவோம். பத்துப் பேர் நிற்கிற டீக்கடை என்றாலும் இதே கதைதான். நான் தனியாக ஸ்கூட்டரில் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை. புருஷனைப் பின்னால் வைத்து ஓட்டினால்தான் ஊர் கண்ணுக்கு உறுத்துமாம். ஒரு பெட்ரோல் பங்கில் மட்டும் தட்டு விழவில்லை, அவர் தூங்கிவிட்டார். ஹெல்மெட்டும் ஜெர்கினுமாக இருந்த என்னைப் பார்த்து அங்கிருந்த பையன், "அண்ணாச்சி, டேங்க் மூடியத் தொறங்க" என்றான். பேசாமல் திறந்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பது என்னைப்போன்ற கூச்சக்காரிக்கு ரொம்பவும் சௌகரியம்.

மூணாறுக்கு அப்பால் ஒரு சரணாலயம். பெயர் வேண்டாம். சோதனைச் சாவடியில் பெரிய பெரிய வண்டிகளோடு வாலிபர்கள் கூட்டமாக நின்றார்கள். தூரத்தில் பார்த்ததுமே தட்டு விழுந்தது. மாறினோம்.

சாவடிக்காரர் எங்கள் பைகளில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு, "திருநெல்வேலியில இருந்தாங்ண்ணா? அம்மணிய வெச்சுட்டு இந்த மலை பூராவும் ஓட்டிட்டு வந்தீங்களா?" என்றார்.

"ஆமா" என்றார் இவர்.

வாலிபர்கள் வந்து கை கொடுத்தார்கள். பிடிப்பே இல்லாத அந்த வலது கையை இவர் நீட்டினார். நான் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"உள்ள எங்கியும் நிறுத்தக் கூடாதுங்க. யானை இருக்குது" என்று சொல்லிச் சாவடிக் கம்பைத் தூக்கினார்கள்.

கம்பைத் தாண்டிய பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. காடு முடியும்வரை இனி இடம் மாற முடியாது.

கொஞ்ச தூரம் சமாளித்தார். பிறகு அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக விரிவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். உள்ளங்கையால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு வந்தார். ஏற்றமான ஒரு வளைவில் என்ஜின் திணறி அணைந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினேன். பக்கத்தில் கிடந்த யானை லத்தியில் இன்னும் ஆவி பறந்தது.

"எறங்கு. நீ எடு" என்றார். மாறினோம். நான் ஹேண்டில்பாரைப் பிடிப்பதற்குள் வனத்துறை ஜீப் வந்து நின்றது.

அதில் இருந்தவர் நேராக என்னிடம் வந்தார். "ஏனம்மா, வண்டி ஓட்டிப் பழக உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? ஆசைக்கு ஓட்டிப் பாக்குற எடமா இது? யானை வந்தா யாரு பதில் சொல்றது?"

இவர் சொல்வார் என்று இருந்தேன்.

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்று அவர் இவரைக் கேட்டார்.

"சொன்னேன் சார். கேக்க மாட்டேங்கா."

புளியரையிலிருந்து அந்த வளைவு வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் அவரைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் பள்ளத்தில் போகாமல் காலை ஊன்றியவளும் நான். கேட்க மாட்டேங்காளாம்.

"சரி, நீங்க முன்னால வந்து உக்காருங்க" என்றார் ஜீப்காரர். இவர் இறங்கக் காலைத் தூக்கினார். நான் இறங்கவில்லை. வண்டியை முடுக்கி எடுத்துவிட்டேன். காடு முடியும்வரை ஜீப் பின்னாலேயே வந்தது. நான் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அடிவாரத்து டீக்கடையில், "அவன் கேட்ட வேகத்துல வாயில வந்துட்டு" என்றார். நான் டீயைக் குடித்தேன். "வடை திங்கியா?" என்று கேட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. எனக்கு வேண்டாம் என்றேன்.

அதற்கு அப்புறமும் எங்கள் வழக்கம் மாறவில்லை. ஊட்டிக்கு முன்னால் தட்டினார், நிறுத்தினேன். முதுமலையில் தட்டினார், நிறுத்தினேன். மான்கள் கூட்டமாக மேய்ந்தன, யானை தூரத்தில் நின்றது, எல்லோரும் நன்றாக இருந்ததா என்று கேட்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது நிறுத்தியது மட்டும்தான். அவர்மேல் வந்ததைவிட, நிறுத்திய என்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

வந்து சேர்ந்த நாளில் அம்பாசமுத்திரம் தாண்டி, எங்கள் கால்வாய்ப் பாலம் தெரிந்தது. தோளில் இரண்டு தட்டு. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. மறுபடியும் தட்டினார், கொஞ்சம் ஓங்கியே. பாலம் பின்னால் போய்விட்டது. கடைத்தெருவில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்த்தான் நிறுத்தினேன்.

கொழுந்தன் வாசலில் நின்றார். "என்ன மயினி, நீங்க ஓட்டிட்டு வாரிய? அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லலே, கை கொஞ்சம் மரத்துட்டு" என்றார் இவர். "கால்வாய்ப் பாலத்துல வச்சு இவகிட்ட குடுத்தேன்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அந்தப் பாலந்தான்" என்றேன். "ஆனா போகும்போது."

கொழுந்தன் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். இவர் ஹெல்மெட் வாரை இடது கையால் அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அவிழ்த்தார்.

"ஆமாலே" என்றார். "போகும்போது."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் கொழுந்தனும் கேட்கவில்லை. அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளாமல் இன்றைக்கும் அண்ணன் ஓட்டிய கதையைத்தான் சொல்கிறார், அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டு. படத்தில் அவர் முன்னால் இருக்கிறார், நான் பின்னால்.

ஆனால் இப்போது சாமான் வாங்கப் போவதென்றாலும், நான் வண்டியை வெளியே எடுக்கும்வரை இவர் தெருவில் காத்து நிற்கிறார். எல்லோரும் பார்க்கப் பின்னால் ஏறுகிறார். தோளில் தட்டுவதில்லை.