அழாத பிள்ளை

பால்வாடிக்குப் போன வயதில் எனக்கு இரண்டு பாஷை. அப்பாவும் அம்மாவும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து காசிமேட்டுக்கு வந்து குடியேறியவர்கள். பாட்டு, நிறம், பூனை, யானை எல்லாம் எனக்குத் தமிழ். பசி, பயம், அழுகை மூன்றும் தெலுங்கு.

அப்பா விசைப்படகில் போகிறவர். ஒருமுறை கடலுக்குப் போனால் வாரம் பத்து நாள் ஆகும். அவர் கரைக்கு வரும்வரை வீட்டில் யாரும் அழக்கூடாது என்பது எங்கள் வழக்கம். விழுந்து முட்டி பெயர்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் கல்லூரியிலிருந்து ஒரு அக்கா வந்தார். இரண்டு பாஷை பேசும் சின்னப் பிள்ளைகளின் மனசு கஷ்டத்தை எப்படித் தாங்கித் தேறிக்கொள்கிறது என்று பார்ப்பது அவருடைய படிப்பு. அம்மாவைச் சற்று நேரம் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கெல்லாமா படிப்பு என்று பால்வாடி ஆயாவுக்கு ஒரே ஆச்சரியம்.

எனக்கு முன்னால் போன பிள்ளைகள் ஊரைக் கூட்டினார்கள். அம்மா வந்து தூக்கியதும் சமாதானமாகி பிஸ்கட் தின்றார்கள். நான் அசையவில்லை. கூடப் போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன, அப்பாவின் படகு மட்டும் வரவில்லை.

“இன்னாம்மா இது, கல்லாட்டம் குந்திகினு கீது!” என்றார் ஆயா.

“அம்மா வெளிய போயிட்டாங்களே, அழுகை வரலையா பாப்பா?” என்று கேட்டார் அக்கா.

வந்தது. ஆனால் அதைச் சொல்ல என்னிடம் தமிழ் இல்லை. “ஏடிஸ்தே நாய்னா ராடு” என்றேன். அழுதால் அப்பா வரமாட்டார் என்று அர்த்தம். அக்காவுக்குத் தெலுங்கு தெரியாது. “இவ்ளோ தைரியமான குழந்தைய நான் பார்த்ததே இல்ல” என்று கன்னத்தைத் தட்டினார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குத் தெரியும். கூப்பிடும் முன்பே உள்ளே வந்து, என்னை வாரித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ஜெயித்த நேரம் பார்த்துக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். ஐஸ் கடை தாண்டியதும் நின்றாள். “அழுடி தங்கம், அழு” என்று தெலுங்கில் கெஞ்சினாள். நான் மாட்டேன் என்றேன். உடனே அவள் நடுத்தெருவில் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். நான் பயந்துபோய் இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினேன்.

மறுநாள் அப்பா வந்துவிட்டார். இஞ்சின் கோளாறாம். நான் பொத்தியதால்தான் வந்தார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அன்று எனக்காகத்தான் அழுதாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.