கயிற்றுக்குள்ளே ஒரு டிக்கி

பியர் காய்ச்சுவது சுலபம். அதை நாலு பேருக்கு ஊற்றிக் கொடுக்க அனுமதி வாங்குவதுதான் தொழில். ஒஸ்லோவில் சின்ன பியர் ஆலை நடத்துபவர்களுக்கும், எங்கள் ஈழத்துச் சனத்துக்கு விருந்து வைத்தவர்களுக்கும் என் பாடு விளங்கும்.

பனியில் ஒரு கோடைவிழா

நானும் கூட்டாளி லார்ஷும் நகரோரத்து ஹவுகெட்டோவில் ஆலை தொடங்கிய காலத்தில், முற்றத்தில் எந்த விழா வைத்தாலும் தனித்தனி அனுமதி வேண்டும். ஒருமுறை அனுமதி வருவதற்குள் கோடையே முடிந்துவிட்டது. வெயிலுக்கென்று காய்ச்சிய பியரை முதல் பனியில் பரிமாறினோம். கையுறையோடு கிளாஸைப் பிடித்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்: "அடுத்த கோடைக்கு இப்பவே விண்ணப்பித்துவிட்டீர்களா?"

வெளிச்சத்திலையோ?

இந்த வருஷம் அரசாங்கம் மனமிரங்கியது. அனுமதிக்குக் காத்திராமல், அறிவித்துவிட்டு விழா வைக்கலாம். ஒரே நிபந்தனை, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி ஒரு கிளாஸும் போகக்கூடாது. போனால் உரிமம் போய்விடும், அதோடு நாங்கள் இருவரும் தெருவில். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எங்கள் சனம் எல்லாரையும் அழைத்தேன். மன்னார் மரியநாயகம் அண்ணை முகம் சுருங்கக் கேட்டார்: "எல்லாரும் பாக்க, வெளிச்சத்திலையோ குடிக்கிறது?"

அண்ணைமார் புறப்பாடு

விழாவன்று நல்ல வெயில், பாட்டு, முற்றம் நிறையச் சனம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நகரசபைப் பரிசோதகர் அம்மாவும் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மரியநாயகம் அண்ணையும் மூன்று பேரும் கிளாஸோடு கார் தரிப்பிடத்தை நோக்கி நடக்கிறார்கள். கலியாணமோ, பிள்ளைகளின் முதல்நன்மை விருந்தோ, கார் டிக்கிக்குப் பின்னால் நின்று குடித்தே பழகிய கால்கள். ஓடிப்போய்க் கயிற்றடியில் மறித்தேன். "தம்பி, மனுசி இஞ்சை நிக்கிறா" என்றார் அண்ணை. அவர் மனைவியோ நடுமேசையில், தன் கிளாஸோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

வாதாட நேரமில்லை. விழா நாளில் நான் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்பது நல்லதாய்ப் போயிற்று. என் காரை மெல்லக் கயிற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்துவிட்டேன். நால்வரும் அதன் பின்னால் போய் நிம்மதியாக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் நோர்வேக்காரரும் அங்கேயே கூடிவிட்டார்கள். பரிசோதகர் கயிற்றைச் சுற்றி வந்து காரடியில் நின்றார். "எல்லாரும் எல்லைக்குள்தான்" என்றவர், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த முறை இரண்டு கார் விடுங்கள், இங்கே நெரிசல்."

அரசாங்கத்தின் சட்டம் ஒரு கையெழுத்தில் தளர்ந்துவிட்டது; எங்கள் அண்ணைமாரின் சட்டத்துக்கு இன்னும் ஒரு டிக்கி வேண்டியிருக்கிறது.