ஒரே பெயருள்ள வருகைப் பதிவேடு

இந்த ஊரில் தாள் கடைக்கு வரும்போதே ஓரத்தில் மூன்று ஓட்டைகளோடுதான் வருகிறது. முதல்முறை வாங்கிவந்து கட்டைப் பிரித்தபோது, பழுதான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்த பெண் ஓட்டைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓட்டை இல்லாத ஒரு கட்டை எடுத்துக் காட்டினாள். அதில் கோடு இல்லை. கோடு வேண்டும், ஓட்டை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். அப்படியொரு ஆசை ஒருத்திக்கு ஏன் வருகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தாளின் அளவும் வேறு. நம் ஏ-ஃபோரைவிட அகலம் கொஞ்சம் கூடுதல், உயரம் குறைவு. ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபைலில் வைத்தால் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும், என்னைப் போலவே.

நாங்கள் இருப்பது கனடாவில், கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை விளையும் ஒரு சின்ன ஊர். மலை இல்லை, மேடு இல்லை. என் ஊர் நீடாமங்கலமும் அப்படித்தான் தட்டையாகக் கிடக்கும் என்பதால் பழகிவிடும் என்று நம்பி வந்தேன். ஆனால் அங்கே வயலில் எப்போதும் யாராவது குனிந்துகொண்டிருப்பார்கள், மடையில் நின்று யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒரு முழு நாள் ஜன்னலில் நின்றாலும் வயலில் மனித முகம் தெரியாது. என் கணவருக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. விடியும் முன்னே போய்விடுவார். வீட்டில் நானும் கயலும்தான்.

கயல் என் மகள், ஒன்பது வயது. நாங்கள் வந்தபோது அவளுக்கு ஏழு. நடுப் பனிக்காலத்தில் பள்ளியில் சேர்த்தோம். நான்கு மாதம் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசிரியை நல்லவள், கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருத்தப்பட்டாள். கொஞ்ச நாள் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்று அழைத்து வந்துவிட்டேன். நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சர். இந்த நாட்டில் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைய முடியாது, இன்னும் பல தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். சமையலறை மேசையில் எனக்கு ஒரு வகுப்பு கிடைத்தது. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஜூலையில் ஊருக்குப் போனபோது, இந்த வருடத்துக்கு வேண்டிய தாளையெல்லாம் தஞ்சாவூரிலேயே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நாலு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, கோடு போடாத நோட்டு, பிரவுன் ஷீட் ஒரு சுருள், லேபிள், தாள் கட்டும் வெள்ளை நூல்கண்டு. கடைசியாக ஒரு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் கேட்டேன். கடைக்காரர் மரியாதையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“எந்த ஸ்கூல் டீச்சர் நீங்க?”

“வெளியூருங்க.”

“நாப்பது பேருக்கு இருக்கு, அறுவது பேருக்கு இருக்கு. எதைக் கொடுக்கட்டும்?”

“அதவிடச் சின்னதா இருக்குங்களா?”

“அதுக்குக் கீழன்னா அது டியூஷன்தாங்க” என்று சிரித்தார்.

நாற்பதையே வாங்கிக்கொண்டேன். என் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்தபோது எடை கூடிப் போயிருந்தது. அம்மா போட்டுக்கொடுத்த வடகத்தை எடுத்து வெளியே வைத்தேனே தவிர நோட்டில் கை வைக்கவில்லை. வழியனுப்ப வந்த தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பதிவேடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இங்கே யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போடுகிறேன். காலையில் பிள்ளை வந்தால் கட்டத்தில் ஒரு சாய்கோடு, மதியமும் வந்தால் அதன்மேல் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால் முழு நாள். நம் ஊர் டீச்சர்களுக்குக் கை தானாக அப்படித்தான் போகும். போன வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து எங்கள் பாடங்களைப் பார்க்க வந்த பெண்மணி பக்கம் முழுக்கப் பெருக்கல் குறியைப் பார்த்து முகம் வெளிறிவிட்டார். ஒரு நாள்கூட வகுப்பே நடக்கவில்லையா என்று கேட்டார். எல்லா நாளும் வந்தாள் என்று விளக்கினேன். அப்படியென்றால், இதே வீட்டில் இருக்கும் பிள்ளை எங்கிருந்து வந்தாள் என்று கேட்டார். இருவரும் டீ குடித்தோம்.

எனக்குப் பிடித்த சத்தம் ஒன்று உண்டு. பரீட்சை ஹாலில் மின்விசிறி கடகடக்க, ஒரு மூலையிலிருந்து ஒரு கை எழும். “மிஸ், பேப்பர்.” நான் கூடுதல் தாளோடு போவதற்குள் அடுத்த மூலையில் இன்னொரு கை. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் எல்லோரும் நூல் கேட்பார்கள். தாளைக் கட்டத் தெரியாமல் சிலர் அழுவார்கள். ஓடி ஓடிக் கால் வலிக்கும். இங்கே கயலுக்கு முன்னால் ஒரு வருடத்துத் தாள் அடுக்கியிருக்கிறது. அவள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் மாதம் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறோம் என்று அலுவலகத்துக்கு எழுதித்தரும் படிவமும் அதன் நடுவில் கிடந்தது. அதை அனுப்ப இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. என் கணவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

“அவகிட்டக் கேட்டியா?”

“என்னத்தக் கேக்கறது? நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டாச்சு” என்றேன்.

அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். கயல் நூலகத்தில், கடையில், நடைபாதையில் எல்லோரிடமும் சளசளவென்று ஆங்கிலம் பேச ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளை அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் நான் யாருக்கு டீச்சர் என்ற பயம்தான் எனக்கு. இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அட்டை போட்டு முடித்ததும் ரஃப் நோட்டு தைக்க உட்கார்ந்தேன். பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் முதுகில் மூன்று குத்து. எங்கள் வீட்டில் என் அப்பா வருடாவருடம் எனக்குத் தைத்துத் தருவார். குறுவை நடவு நடக்கும் நாட்களிலும் அதற்கென்று ஒரு மாலை ஒதுக்குவார். வண்ணம் வேறுவேறாக, கோடு வேறுவேறாக இருக்கும் அந்த நோட்டில்தான் கணக்கு எனக்குத் தப்பில்லாமல் வரும்.

கயலின் கட்டம் போட்ட நோட்டைப் பின்பக்கமிருந்து கிழிக்கப் போனபோது, கடைசிப் பக்கங்கள் காலியாக இல்லை. அவளே ஒரு பதிவேடு போட்டிருந்தாள். மேலே தேதிகள். இடதுபக்கம் கோணல்மாணலான தமிழில் மூன்று பெயர்கள்: சிவப்புத் தொப்பி, நீலப் பை, அம்மா.

சிவப்புத் தொப்பியும் நீலப் பையும் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு வாசலில் தினம் காலையில் மஞ்சள் பேருந்துக்கு நிற்கும் இரண்டு பிள்ளைகள். கயலுக்கு அவர்கள் பெயர் தெரியாது. காலையில் ஏறும்போது ஒரு கோடு, மதியம் இறங்கும்போது ஒரு கோடு என்று ஜன்னலில் நின்று வருடம் முழுக்க அவர்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கிறாள். ஏறக்குறைய எல்லாம் முழு நாள்.

என் வரிசையில் பெருக்கல் குறியே அபூர்வம். பாதிக்குமேல் ஒற்றைக் கோடுதான், அதுவும் மதியக் கோடு. பிப்ரவரியில் தொடர்ந்து பதினோரு கட்டம் ‘ஏ’, ஆப்சென்ட் என்று இருந்தது. அந்த மாதம் நான் இந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட எங்கும் போனதில்லை. கோபம்தான் முதலில் வந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

“நான் எங்கடி போனேன்? தினம் இங்கதானே இருக்கேன்.”

அவள் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “காலையில கணக்கு குடுத்துட்டு போன்ல பேசுவேல்ல. அப்ப நீ நீடாமங்கலத்துல இருப்பம்மா.”

“இந்தப் பதினோரு நாளு?”

“தாத்தா ஆஸ்பத்திரில இருந்தாங்கள்ல.”

இங்கே காலை என்றால் அங்கே மாலை முடிந்து விளக்கு போட்ட நேரம். அப்பா அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். ஆற்றில் தண்ணீர் வந்ததா, கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்தார்களா, கொட்டிவைத்த நெல்மேல் மழை பெய்ததா என்று பேச்சு நீளும். பிப்ரவரியில் அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என்னால் போக முடியவில்லை. சமையல் செய்தேன், பாடம் நடத்தினேன், துணி மடித்தேன். எதுவும் நினைவில் இல்லை. இவள் கணக்கைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள் என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. அப்பா தேறி வீட்டுக்கு வந்து, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அந்தப் பதினோரு நாளும் கயலுக்கு டீச்சர் இல்லை.

“ஸ்கூலுக்குப் போறியா?” என்று கேட்டேன். எத்தனையோ மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டியது.

“நீ தனியா இருப்பியே” என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அதை ஒளிக்கவும் இல்லை. படிவத்தை நாலாக மடித்து ரஃப் நோட்டின் அட்டைக்குள் கனத்துக்கு வைத்துத் தைத்தேன். அவளைச் சேர்க்கப் போனபோது பள்ளியில் கொடுத்த பட்டியலில் முதல் வரியே ஓட்டை போட்ட தாள் இரண்டு கட்டு என்று இருந்தது. அந்தக் கடைக்கே போய் வாங்கினேன். கல்லாப் பெண் என்னை அடையாளம் கண்டு, இது சரிதானே என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டாள்.

செப்டம்பரில் முதல் நாள், கயல் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் ஜன்னலில் நின்றேன். சிவப்புத் தொப்பி ஏதோ கேட்டான், இவள் பதில் சொன்னாள், பேருந்து வந்தது. உள்ளே வந்து தஞ்சாவூர் பதிவேட்டைத் திறந்தேன். முதல் வரியில் அவள் பெயரை ஜூலையிலேயே எழுதி, பக்கத்தின் மூலையில் மஞ்சள் வைத்திருந்தேன். அதன் கட்டத்தில் ஒன்றும் போடவில்லை. இரண்டாவது வரியில் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் அழைப்பு வந்தது. புள்ள போயிட்டாளா என்றார். போயிட்டாப்பா என்றேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் நீடாமங்கலம் கேட்டில் ரயில் போகும் சத்தத்தை முழுக்கக் கேட்டேன்.

மூன்றரைக்குக் கயல் திரும்பினாள். காலணியோடு நேராக மேசைக்கு வந்து, என் பெயரைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

“தாத்தா கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாரு.”

கட்டத்துக்குள் மதியக் கோடு ஒன்றை மட்டும் அழுத்தமாகப் போட்டாள்.

“இன்னொண்ண தாத்தா அங்க போட்டுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த முப்பத்தெட்டு வரிகளின்மேல் பதிவேட்டை மூடினாள்.