முறத்தில் புடைத்த பெல்லட்

துப்பாக்கிக் குண்டை முறத்தில் போட்டுப் புடைக்க முடியுமா?

முடியும். போன வியாழக்கிழமை மானாம்பதியில் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், என்ன லாகவம் என்று பாராட்டி வேறு வைத்தேன். அந்தப் பாராட்டுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

மானாம்பதியில் என் நண்பர் சேகருக்கு வேர்க்கடலை விவசாயம். அவர் மனைவி பவானி, உத்திரமேரூரில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தெட்டு. காலேஜ் நாளில் என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி கையில் எடுத்திருக்கிறார். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி. கடலை மூட்டை அடுக்கும் ஷெட்டில்தான் பிராக்டிஸ். போன வருஷம் மாநிலப் போட்டியில் ஒரே ஒரு பாயின்ட்... அடுத்த கட்டம் கைநழுவிப் போனது. இந்த வருஷப் போட்டி, அந்த வியாழனை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை.

எனக்கோ எதைப் பார்த்தாலும் கேள்வி. ஷூ ஏன் இப்படித் தட்டை? உள்ளங்காலுக்குத் தரை தெரிய வேண்டுமாம். ஒரு கண்ணுக்கு மட்டும் ஏன் மறைப்பு? அந்தக் கண்ணை இறுக்கி மூடினால் திறந்திருக்கும் கண்ணும் களைத்துவிடுமாம். கைப்பிடியில் ஏன் அங்கங்கே பட்டி அப்பியிருக்கிறது? கடையில் வருவது யாரோ ஒருவர் கைக்குச் செய்தது. அதைத் தன் கைக்கு ஆக்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரத்துக்குப் பூசும் பட்டியை அப்பி, மறுபடி தேய்த்து... மூன்று மாதம் ஆனதாம்.

ட்ரிகர்தான் பெரிய ஆச்சரியம். லேசாகத் தொட்டாலே சுடுகிற மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். கூடாது. போட்டிக்கு முன்னால் ட்ரிகரில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அதைத் தாங்க வேண்டும். அதற்குக் குறைந்த எடையிலேயே ட்ரிகர் இறங்கிவிட்டால் அந்தப் பிஸ்டலை உள்ளேயே விட மாட்டார்கள்.

அப்புறம் பெல்லட். மிளகு அளவு ஈயக் குண்டு. தலை தட்டை, இடுப்பு ஒடுக்கம், கீழே பாவாடை விரித்த மாதிரி ஓர் அகலம். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான். ஆனால் எல்லா பேட்சும் எல்லா பிஸ்டலுக்கும் ஒத்துப்போகாது. பவானி சென்னைக்குப் போய், பிஸ்டலை அசையாதபடி வைஸ் பிடியில் இறுக்கி, ஏழு பேட்ச் சுட்டுப் பார்த்தார். ஒரே ஒரு பேட்ச்தான் பத்துக் குண்டையும் ஒரே ஓட்டையில் போட்டது. பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டினவர்களுக்குக்கூட இப்படி அமைவதில்லை! கடையில் அதில் இருந்தது கடைசி டப்பா.

அந்த டப்பாதான் வியாழக்கிழமை முறத்தில் இருந்தது.

பவானியின் மாமியார் ராஜாத்தியம்மாளுக்கு இந்தச் சுடுகிற வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் முந்தின நாள், குண்டில் ஒன்றிரண்டு பதர் இருக்கும் போல, விலகி விலகிப் போகிறது என்று மருமகள் புலம்பியது காதில் விழுந்திருக்கிறது. பதரா? பதர் எடுப்பதில் அந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மருமகள் ஸ்கூலில் இருக்கும் நேரமாகப் பார்த்து டப்பாவைத் திறந்து முறத்தில் கொட்டிவிட்டார். கடலை எண்ணெய் வாங்கப் போன நான், பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஈயம் எவ்வளவு மெத்து என்று எனக்கு எங்கே தெரியும்? முறம் எழும்பி இறங்கிய ஒவ்வொரு தடவையும் அத்தனை பாவாடையும் ஒன்றோடொன்று மோதி நசுங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு பவானி வந்தார்.

"பதர்லாம் எட்த்துட்டேன் பாரு" என்றார் மாமியார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பவானி ஒரு பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று. இன்னும் ஒன்று. முகம் வெளுத்துவிட்டது. விஷயம் எனக்கும் புரிந்தது: பாவாடை நசுங்கிய குண்டு நேராகப் போகாது. இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன்.

பவானியின் பார்வை மாமியாரின் கைக்குப் போனது. விரலெல்லாம் சாம்பல் கறுப்பு.

"அத்த, மொதல்ல போய் கைய சோப்பு போட்டு நல்லா கழுவிக்கினு வாங்க. ஈயம் அது. வாயில பட்டா ஒடம்புக்கு ஆவாது."

அவர் கழுவப் போன பிறகுதான், பவானி மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டி அருகே ராஜாத்தியம்மாள் என்னை மடக்கினார். "இன்னா நைனா, எதனா தப்பு பண்ணிட்டனா?"

சொன்னேன். நாங்கள் திரும்பி வந்தபோது, பவானி தன் கல்யாண போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி, ஃபிரேமைக் கழற்றி, கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார். நல்ல பெல்லட் கண்ணாடியில் சீராக வளைந்து உருளும். நசுங்கியது தள்ளாடும். மாமியார் எதிரே உட்கார்ந்தார். மருமகள் இரண்டு தடவை உருட்டிப் பார்த்து முடிவு செய்ததை, அவர் ஒரே உருட்டலில் சொன்னார். மொத்தத்தில் தேறியது எண்பத்தொன்று. போட்டிக்கு மட்டும் அறுபது வேண்டும். குறி சரிபார்க்க மிச்சம் இருபத்தொன்றுதான்.

போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த கட்டத்துக்கு வேண்டிய பாயின்ட்டைவிட இரண்டு அதிகமாகவே பவானி எடுத்துவிட்டார். ஒரு குண்டுகூட அநியாயமாக விலகவில்லையாம். மாமியாரும் கூடப் போயிருந்தார்.

பதற்றத்தில் மறந்துவிட்டுப் போன எண்ணெய் கேனை எடுக்கத் திங்கட்கிழமை போனேன். முறம் ஷெட்டு ஆணியில் தொங்கியது. இனி அது அரிசிக்கு ஆகாது. ராஜாத்தியம்மாள் பாயின்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"அவ்ளோ குண்டையும் பாழாக்கினேன் நைனா. ஒரு வார்த்த கத்தல. கைய கழுவுன்னா" என்றார். அவருக்கும் கண் கலங்கியது, எனக்கும்.

அரைக் கிலோ தாங்க வேண்டும் என்பது ட்ரிகருக்கு மட்டும் உள்ள விதி என்றுதான் நினைத்திருந்தேன். பவானி இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கு ஐம்பது கிராமிலேயே வெடித்திருப்பேன்... செக்கிங்கிலேயே வெளியே அனுப்பியிருப்பார்கள்.