ஆறட்டும் அத்தையும் கொப்பளித்த வண்டியும்

என் அத்தைக்கு ஊர் வைத்த பெயர் 'ஆறட்டும்'. அப்பாவின் அக்கா. சவ வண்டி ஓட்டுகிறாள். டீயைக் கொடுத்தால் ஆறட்டும் என்பாள். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தால், "முதல்ல அவ ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்று கதவைச் சாத்துவாள். கல்யாணப் பேச்சுக்கும் இதே பதில்தான். அது ஆறி அவலாகி இருபது வருஷம் ஆகிறது.

சும்மா வந்த சொல் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் எஞ்சின் சூடாகி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த, செத்தவரின் சொந்தக்காரர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்த, அத்தை பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டாள். கொதிநீர் பீறிட்டது. இடது கை முழங்கை வரைக்கும் இன்றும் நெருப்பில் காட்டிய பிளாஸ்டிக் பை மாதிரி சுருங்கிக் கிடக்கும். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். இது வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

வண்டி கொப்பளித்த அன்றைக்கு, பள்ளிக்கூடம் என்னை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தது. காரணம் தலைமையாசிரியரின் நாற்காலி. அந்தக் கதை வேண்டாம். தனியே விட்டால் வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்று அத்தை என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அவள் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர், இருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். பானெட்டைத் தூக்குவாள். ஓரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பச்சை நிறத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதோடு விடமாட்டாள். இடுப்பால் வண்டியை ஒரு இடி இடிப்பாள். டப்பாவில் தண்ணீர் ஆடினால்தான் கிளம்புவாள். பழைய டப்பாவில் கறை படிந்து, காலியாக இருந்தாலும் தண்ணீர் நிற்பது மாதிரியே தெரியுமாம்.

அன்று அவள் இடிக்கப் போன நேரம் பார்த்து, டேஷ்போர்டுக்கு அடியில் நான் ஒட்டி வைத்திருந்த பழைய போனுக்கு அத்தையின் போனிலிருந்து ரிங் கொடுத்தேன். வாயில் தண்ணீரை வைத்து நானே கொப்பளித்து ரிங்டோனாகப் பதிவு செய்த சத்தம். களக்... களக்... களக்... காலி வண்டிக்குள்ளிருந்து வந்தது.

அத்தை துள்ளிய துள்ளலில் பானெட் தானாக விழுந்து மூடிக்கொண்டது.

"அடியே! பிணம் ஏத்துற வண்டியில என்னடி விளையாட்டு? எடுடி அதை!"

எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டேன். அவள் திட்டிக்கொண்டே சாவியைத் திருகினாள். இடுப்பால் இடிக்க மறந்துபோனாள்.

ஏற்றியது ஒரு வயதான அம்மாவை. கூட வந்தது மகன் மட்டும். சவப்பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். அழவில்லை, மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மயானத்துக்கு நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அத்தை பெட்டியை விரலால் தட்டி, "கிளம்பறோம்மா" என்றாள். எந்தப் பயணியிடமும் சொல்லாமல் அவள் வண்டி எடுத்ததே இல்லை.

மலையேறும்போது மத்தியானத்திலேயே மூடுபனி கவிந்தது. முன்னால் பத்தடிச் சாலை, அதற்குமேல் வெள்ளை. அப்போது கேட்டது.

களக்... களக்...

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துட்டேன்னு சொன்னே?"

பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினேன். கறுப்பாக, உயிரில்லாமல் இருந்தது. சத்தம் மட்டும் டேஷ்போர்டுக்குப் பின்னால் விடாமல் தொண்டையைக் கனைத்தது. கூடவே ஒரு தித்திப்பு வாசனை.

பின்னாலிருந்த சின்ன ஜன்னலில் மகனின் முகம் வந்து ஒட்டியது. "என்ன சத்தம்ங்க அது? கடைசி மூணு நாளும் அம்மா தொண்டையில இதே சத்தம்தான்."

அத்தையின் கண் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்குப் போனது. அது சிவப்பைத் தாண்டியிருந்தது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினாள். குபுகுபுவென்று ஆவி. இடுப்பால் இடித்தாள். டப்பாவில் எதுவும் ஆடவில்லை. வெறும் கறை. தித்தித்தது கசிந்துபோன கூலன்ட்தான்.

"என் தப்பு. ஆறட்டும். ஒரு மணி நேரமாவது ஆகும், யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் வருகிற வண்டிகளுக்காக எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தாள். பனி அவளை விழுங்கியது.

அவள் மறைந்ததும் மகன் இறங்கி முன்பக்கம் வந்து துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"தொடாதீங்க சார்! உள்ள கொதிக்குது, மூஞ்சியில அடிக்கும்!"

"நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க பாப்பா. தண்ணி ஊத்தினா போயிடலாம். நீ சும்மா இரு."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு உதறு உதறினார். துண்டு ரேடியேட்டர் மூடியைத் தொட்டது. எனக்கு அத்தையின் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. பின்கதவுக்கு ஓடி, பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பெட்டியோரம் முகத்தைச் சாய்த்துக் கொப்பளித்தேன்.

துண்டை மூடிமேலேயே விட்டுவிட்டு அவர் ஓடி வந்தார். அதற்குள் தண்ணீரை விழுங்கியிருந்தேன்.

"அம்மா?" என்றார். பெட்டியைப் பார்த்துத்தான்.

இத்தனை கச்சிதமாக என் குறும்பு எதுவும் பலித்ததில்லை. சிரிப்பு மட்டும் வரவில்லை.

அத்தை மூச்சிரைக்க வந்து நின்றாள். மூடிமேல் கிடந்த துண்டைப் பார்த்தாள். ஈரமான என் மோவாயைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா என்னமோ சொன்னாங்க" என்றார் அவர்.

"ஆமா, எனக்கும் கேட்டுச்சு. ஆறட்டும்னாங்க."

அவர் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அத்தை மயானத்துக்குப் போன் போட்டு, நாங்கள் வரும்வரை கேட்டைப் பூட்டாமலிருக்கச் சொன்னாள். பிறகு மூன்று பேரும், நாலு பேரும் என்றும் சொல்லலாம், காத்திருந்தோம். பனிக்குள் எஞ்சின் டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது.

பானெட் ஆறி, ரேடியேட்டரும் உள்ளங்கையை அழுத்தி வைக்கும்படி ஆன பிறகுதான் அத்தை கனத்த சாக்கை மூடிமேல் போட்டாள். முகத்தை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சமே கொஞ்சம் திருகினாள். ஸ்ஸ்... என்று ஒரு பெருமூச்சு. அது முழுதாக அடங்கிய பிறகு கழற்றினாள். தண்ணீர் கலந்து கேனில் வைத்திருந்த கூலன்டை மெல்ல மெல்ல ஊற்றினாள். ரேடியேட்டர் மடக் மடக்கென்று குடித்தது. அது நிரம்பியதும் டப்பாவில் மேல்கோட்டுக்குக் கீழே வரை ஊற்றி, இடுப்பால் இடித்தாள். பச்சை ஆடியது.

மலை இறங்கும்போது சத்தமே இல்லை.

"எத்தனை தடவைடி கொப்பளிச்சே?" என்றாள் அத்தை மெதுவாக.

"ஒரே தடவைதான் அத்தை."

"வளைவுல இருக்கும்போது ஒண்ணு கேட்டுச்சு. திரும்பி ஓடி வரும்போது இன்னொண்ணு."

"எஞ்சின் கொதிச்சிருக்கும்."

"இருக்கும்."

கியரை மாற்றினாள். நான் அவள் இடது கையை, அந்தச் சுருங்கின தோலை, தடவிக்கொண்டே வந்தேன். ஓட்டும்போது தொடாதே என்று அவளும் சொல்லவில்லை.