சித்தப்பாவுக்கு விளக்கு ஏற்றக் கூடாது

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஃபாதர் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் காலடிப்பேட்டையிலிருந்து கிளம்பி ராயபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது மணி எட்டு. வெளிச்சுவரை ஒட்டிக் குகை போலக் கட்டிய சின்ன மாதா கெபியில் சித்தப்பாவின் படம் அப்படியே இருந்தது. தலைக்குப் பின்னால் சீரியல் பல்பு வட்டமாக மின்னி மின்னி ஓடுகிறது. முன்னால் பத்துப் பன்னிரண்டு மெழுகுவத்திகள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனே, இன்னும் எடுக்கலியா நீ?"

"இன்னாத்துக்கு எடுக்கணும்?" அக்கா மீன்கூடையைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "திருடியா வெச்சுகினு கீறேன்?"

சித்தப்பா எங்கள் அப்பாவின் கடைசித் தம்பி. இந்த வீட்டில் பிறந்து, சாமியாராகி, ஆப்பிரிக்காவுக்குப் போய் முப்பது வருஷம் அங்கேயே இருந்தவர். லீவில் வந்தால் அக்காவோடு தரையில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டுவார். யாராவது மாலையோடு வந்தால் கத்துவார். அங்கே ஒரு ஊரில் காலரா வந்து எல்லோரும் ஓடியபோது அவர் மட்டும் ஓடவில்லை. நோயாளிகளைத் தோளில் தூக்கிச் சுமந்தார், கடைசியில் அதே நோயில் போய்ச் சேர்ந்தார். அவரைப் புனிதராக்கச் சொல்லி மனு போட்டது அந்த ஊர் ஜனங்கள்தான், நாங்கள் இல்லை. இப்போது விசாரணைக்கு அங்கிருந்தே ஒரு ஃபாதர் வந்திருக்கிறார், பிறந்த வீட்டைப் பார்க்க.

எங்கள் கோயில் பங்கு ஃபாதர் என்னிடம் ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்லியிருந்தார். ரோமாபுரியில் போப் அறிவிக்கும் வரை ஒருவரைப் புனிதராக வைத்துப் பொது இடத்தில் வணங்கக் கூடாது. வீட்டுக்குள் தனியாக வேண்டிக்கொள்ளலாம், தடையில்லை. தெருவில் விளக்கு, தலைக்கு ஒளிவட்டம், காணிக்கை என்று இருந்தால் மனுவே அதோடு நின்றுபோகலாம். இதென்ன சட்டமோ, எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பிழைத்தவன். சட்டம் என்றால் சட்டம்.

"யக்கா, அவரு புனிதராவணுமா வேணாவா?"

"எனக்கு அவரு எப்பவோ ஆயிட்டாரு. மாமா போன போட்டு கடல்ல மூணு நாளு காணாம போச்சே, அப்ப நான் யாரைக் கூப்ட்டேன்? யாரு கொண்ணாந்து வுட்டா?"

அது உண்மை. மாமா கரை திரும்பிய அன்றுதான் அவள் முதல் மெழுகுவத்தியை ஏற்றினாள். அதைப் பார்த்துத் தெருப் பெண்கள் ஏற்றினார்கள். அப்புறம் காசிமேட்டிலிருந்து மீனவர்கள் வந்தார்கள், தகரத்தில் செய்த குட்டிக் குட்டிப் படகுகளைக் காணிக்கையாகக் கட்டிவிட்டுப் போனார்கள்.

நான் சீரியல் பல்பின் ஒயரைப் பிடித்து இழுத்தேன். அக்கா ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு என்ன பிடி!

"அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்காம போனா உன்னாலதான்!" என்று கத்திவிட்டேன்.

அவள் கை தளர்ந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தேன். படத்தையும் சீரியல் பல்பையும் தகரப் படகுகளையும் அரிசிச் சாக்கில் போட்டு முன்னறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வழிந்து கிடந்த மெழுகைக் கத்தியால் சுரண்டினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஃபாதர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். நெடிய உருவம், நரைத்த முடி, வெயிலில் வேர்த்து நனைந்த சட்டை. அவருடைய ஆங்கிலத்தைப் பங்கு ஃபாதர் தமிழில் சொன்னார். வீட்டுக்குள் வரும் முன்பே அவர் கெபியின் முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். உள்கூரையில் ஒரு விரலை வைத்துத் தேய்த்து எடுத்தார். விரல் நுனி புகைக்கரியில் கன்னங்கரேலென்று இருந்தது. நான் தரையைச் சுரண்டினேனே தவிர மேலே பார்க்கவே இல்லை. அவர் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

பிளாஸ்டிக் மேஜையில் பைபிளை வைத்து, அதன்மேல் என் கையை வைக்கச் சொன்னார்கள். உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்தேன்.

"இந்தத் தெருவில் இவருக்குப் பொது வணக்கம் நடந்ததா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உட்கார்ந்திருக்கிறேன். 'இல்லை' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. கைக்குக் கீழே பைபிள் அட்டை வேர்வையில் நனைகிறது.

உள்கதவு திறந்தது. அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கைத் தரதரவென்று இழுத்து வந்து மேஜைக்கு முன்னால் போட்டாள். படகுகள் கலகலவென்று கொட்டின.

"நான்தான் கொளுத்துனேன் சாமி. இவனை ஒண்ணும் கேக்காதீங்க. எங்க சித்தப்பாவுக்கோசரம் பொய் சத்தியம் பண்ணா அவரே வந்து அறைவாரு."

ஃபாதர் என்னைப் பார்த்தார். "இதையெல்லாம் எடுத்தது யார்?"

"நான்தான். இன்னைக்குக் காலையில. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

அவர் வெகுநேரம் எழுதினார். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். கடைசியில் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: பொது வணக்கம் நடந்ததையும் எழுதியிருக்கிறேன், இன்றைக்கு அது நின்றதையும் எழுதியிருக்கிறேன். நின்றது நின்றதாகவே இருந்தால் மனு பிழைக்க வழி உண்டு. தெருவில் இனி ஒரு விளக்கும் கூடாது, அதற்கு அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

"எத்தினி நாளைக்கு?" என்றாள் அக்கா.

பங்கு ஃபாதர் அதை மொழிபெயர்க்கவில்லை, தானே பதில் சொன்னார். "அம்பது வருஷம்கூட ஆகும்மா. ஆகாமலும் போகலாம்."

"அப்போ நான் பாக்க மாட்டேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போலப் பெண்கள் மெழுகுவத்தியோடு வந்தார்கள். அக்கா ஸ்டூலைப் போட்டுக் கெபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கொளுத்தாதீங்கடி! வூட்ல போய் வேண்டிக்குங்க. அவரு இன்னும் புனிதரு ஆவல."

"நீதானேக்கா ஆயிட்டாருன்னு சொன்னே?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் வேணாங்கறேன். போடி!" குரல் உடைந்துவிட்டது.

"உள்ள வாக்கா, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ" என்று கூப்பிட்டேன்.

"நீ கெளம்புடா. நான் உள்ள போனா எவளாவது கொளுத்திடுவா."

நான் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கெபிக்குள் சித்தப்பா இருந்த இடம் காலியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றாத எனக்கே, ஒன்று கொளுத்த வேண்டும் போலிருந்தது.